நாலு நாக்கு முனிராஜ்

மூன்று வருடங்களாக மைசூரில் ஒரு மாப்பிள்ளையின் விரல் மாட்டிக்கொண்டிருக்கிறது. தேவராஜ மொஹல்லாவில் எலெக்ட்ரிக்கல் சாமான் விற்கும் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குவெம்புநகர் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை கை சும்மா இருக்காமல் சுவரில் தெரிந்த பிளாஸ்டிக் வளையத்துக்குள் விரலை விட்டாராம். போன விரல் திரும்பவில்லையாம். சுவரை உடைத்து, வளையமும் கையுமாக அவரை மணையில் உட்கார வைத்தார்களாம். முகூர்த்தமே தப்பிப்போனது என்கிறது ஒரு கடை. தப்பவில்லை, தாலியைத்தான் இடது கையால் கட்டினார் என்கிறது எதிர்க்கடை. இரண்டு கடைக்காரர்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்றுதான்: அந்த வளையத்தை வரைந்த புண்ணியவான் பெயர் முனிராஜ்.

வதந்தியைப் பரப்புவதற்கு ஆள் இருக்கிறது, சரிபார்ப்பதற்குத்தான் இல்லை என்பதால், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன்.

முனிராஜ் அங்கே பூரணி பிளாஸ்டிக்ஸ் என்ற சிறிய தொழிற்சாலையில் வரைவாளர். சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். வயது முப்பத்தெட்டு. மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் இவர் வெர்னியர் காலிப்பர் வைத்திருக்கிறார். டீ வந்தால் டம்ளரின் வாயை அளந்துவிட்டுத்தான் குடிப்பார் என்று அங்கே ஒருவர் சொன்னார். அளந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் டம்ளரை அவர் பார்த்த பார்வையில் அளவு இருந்தது.

மாப்பிள்ளை கதையை முழுதாகச் சொன்னேன். மானக்கேடு என்று கொதிப்பார் என்று நினைத்தேன். கொதிக்கத்தான் செய்தார், ஆனால் வேறு அடுப்பில்.

"விரல் எப்படிங்க மாட்டும்? நாக்கு வெளிப்பக்கமாத்தானுங்க விரியுது. உள்பக்கம் வழவழன்னு இருக்கும். விட்ட விரல் அதும்பாட்டுக்கு வந்துருமுங்க. பொய் சொல்றவங்க ஒருக்கா டிராயிங்கைப் பாத்துட்டுச் சொல்லக்கூடாதுங்களா?"

டிராயிங்கைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சுவருக்குள் மின்கம்பி ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள் பல திசைகளிலிருந்து வந்து கூடும் இடம் ஜங்ஷன் பாக்ஸ். பாக்ஸின் நான்கு பக்கத்திலும் நான்கு துளை. குழாயைத் துளையோடு பிடித்து நிறுத்துவது அடாப்டர் என்கிற சிறிய பிளாஸ்டிக் கழுத்து. கழுத்தை வெளியிலிருந்து துளைக்குள் விட வேண்டும். உள்ளேயிருந்து செக்நட் என்ற வளையத்தை அதன்மேல் திருகி இறுக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மைசூரில் யாராவது செக்நட்டைத் திருகிப் பார்த்ததுண்டா? பாக்ஸுக்குள் இரண்டு விரல்தான் நுழையும். நட்டு நழுவினால் ஏணியை விட்டு இறங்க வேண்டும். எந்த எலெக்ட்ரீஷியன் இறங்குவான்? கழுத்தைத் துளையில் செருகி, நட்டைப் பையிலேயே விட்டுவிடுவது இங்கே வழக்கம். வேலை முடிந்ததும் மிச்ச நட்டுகளை மொஹல்லாவில் ஒரு கடையில் கொட்டினால், ஒரு படிக்கு ஒரு காபியும் வடையும் கிடைக்கும். கடைக்காரர் அவற்றைத் தொழிற்சாலைக்கே விற்பார். தொழிற்சாலை அவற்றைப் புதுக் கழுத்துகளோடு சேர்த்து மறுபடி பைகளில் போடும். இப்படி ஒரு திருகுகூடத் திரும்பாமல் நாலைந்து வருடம் மைசூரைச் சுற்றி வந்த செக்நட்டுகள் உண்டு. நகரில் அவ்வளவு ஊர் பார்த்தவர்கள் குறைவு.

நட்டு இல்லாத கழுத்து, கம்பியை இழுக்கும்போது குழாயோடு வெளியே வந்துவிடும். துளையின் விளிம்பு கம்பியின் தோலைச் சீவும். பிறகு மழைக்காலத்தில் சுவரைத் தொட்டவர்கள் கையை உதறிக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டுவார்கள்.

1994-ல் முனிராஜ் யோசித்தது எளிமையானது. இவர்கள் நட்டு போடப்போவதில்லை. அப்படியானால் நட்டே வேண்டாம். நைலான் தடி ஒன்றைக் கடைசலில் பிடித்து, பிளேடாலும் அரத்தாலும் ஒன்பது நாள் மதிய உணவு நேரத்தில் ஒரு கழுத்தைச் செதுக்கினார். நுனியில் நான்கு நாக்கு. ஒவ்வொரு நாக்கிலும் ஒரு கொக்கி. துளைக்குள் அழுத்தினால் நாக்குகள் வளைந்து கொடுத்து, அந்தப் பக்கம் போனதும் விரிந்து நிற்கும். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இனி யார் இழுத்தாலும் வராது. உள்பக்கத்தில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஊசியால் 'மு' என்று கீறிவைத்தார்.

முதலாளி சுதர்ஷன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்காக வந்த குடும்பம். கணக்குப் போடும்போது கன்னடம், கவலைப்படும்போது தமிழ்.

"சத்தம் நன்னாயிருக்கு முனிராஜ். ஆனா நட்டு இல்லேன்னா அந்தப் படி நட்டு வியாபாரம்?"

"அது நம்ம நட்டேதானுங்க சார் திரும்பி வருது."

"ஹௌது, ஆமா, அதுவும் ஒரு வியாபாரந்தானே?" நாக்குகளை விரலால் கொஞ்ச நேரம் டக் டக் என்று மடக்கிப் பார்த்தார். "சரி. சின்ன டை, அச்சு ஒண்ணு போட்டு, கைமெஷின்ல இருநூறு பீஸ் அடிச்சுக்கோ. ஏதாவது ஒரு கட்டடத்துல போட்டு, வேலை செய்யறதுன்னு ஓனர் கையால ஒரு லெட்டர் வாங்கிண்டு வா. லெட்டர் வந்தா பெரிய டை வெட்டறேன். வரலேன்னா பேடா, வேண்டாம், நீ பழையபடி சோப்பு டப்பா மூடிக்குப் போயிடு."

சோப்பு டப்பா மூடி முனிராஜுக்குப் புதிதல்ல. ஆறு வருடம் வரைந்திருக்கிறார். நீள்சதுரம், முட்டை வடிவம், மறுபடி நீள்சதுரம். ஆகவே அந்த லெட்டரில் என்ன தொங்கியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டடத்தைப் பிடித்துக் கொடுத்தவர் எலெக்ட்ரீஷியன் கரியப்பன், ராமாபுரத்துக்குப் பக்கத்து ஊரான கௌதள்ளிக்காரர். குவெம்புநகரில் எழும்பிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் வயரிங் அவருடையது. உரிமையாளர் நாகலக்ஷ்மி அம்மாள்; காலஞ்சென்ற கணவர் ரயில்வே அதிகாரி. எந்த வேலையும் நிமிடத்தோடு நடக்க வேண்டும் என்பவர். இருநூறு பீஸும் பையில் போயின. ஆட்களுக்குக் காட்டிச் சொல்லித்தர வேண்டும் என்று கரியப்பன் செதுக்கிய மாதிரியையும் கேட்டார்.

"ரெண்டே நாளு முனிராசு. கண்ணுல வெச்சுக் காப்பாத்தித் தர்றேன்."

முனிராஜ் போட்ட கணக்கு தப்பில்லை. கீழே ஐம்பது பாக்ஸ், மேலே நாற்பது; பாக்ஸுக்குச் சராசரி இரண்டு குழாய்; இருநூறு தாராளம். நாக்கின் தடிமன், கொக்கியின் கோணம், துளையின் விட்டம், எல்லாவற்றையும் அளந்தவர் அளக்க மறந்தது ஒன்று: டக் என்ற சத்தம் மனிதனுக்குக் கொடுக்கும் சந்தோஷம்.

நட்டு இருந்த காலத்தில், தேவையில்லாத துளையில் கழுத்து போட எவனும் நினைத்ததில்லை. தேவையான துளையிலேயே போடுவதில்லையே. இப்போது ஒரே அழுத்து, ஒரு டக். கரியப்பனும் ஆட்களும் கீழ்த்தளத்து ஐம்பது பாக்ஸிலும் நான்கு துளையிலும் அடித்துத் தள்ளினார்கள், குழாய் வருகிறதோ இல்லையோ. மதியத்துக்குள் வேலை முடிந்தது. கொத்தனார் பின்னாலேயே பூசிக்கொண்டு வந்தார். சாயங்காலம் மேல்தளத்துக்குப் பையைத் தூக்கிப்போய்க் கவிழ்த்தால், உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது.

"சரி, கீழே சும்மா இருக்கறதைப் பிடுங்குங்கடா" என்றார் கரியப்பன்.

பிடுங்கினார்கள். குறடால் இழுத்தார்கள். கடப்பாறை வந்தது. பதினோரு பாக்ஸுகள் சுவரோடு பெயர்ந்தன. சில பாக்ஸுகள் இரண்டாகப் பிளந்தன. நாக்கு எதுவும் விடவில்லை. மறுநாள் காலை நாகலக்ஷ்மி அம்மாள் வந்தபோது, பூசி ஒரு நாள்கூட ஆகாத சுவரில் பதினோரு குழி.

"கரியப்பா, இது என்ன?"

தொழில் தெரிந்தவன் தன் தப்பைச் சொல்வதில்லை. "ஒரு ஆளோட விரல் மாட்டிக்கிச்சுங்கம்மா. உயிராச்சேன்னு உடைச்சோம்."

"பதினோரு விரலா?"

வதந்தி பிறந்த இடம் இதுதான். அன்றைக்கு அது பெயர் தெரியாத ஒரு கூலியாளின் விரல். மொஹல்லாவுக்கு வந்து மேஸ்திரி விரலாயிற்று. அப்புறம் காண்டிராக்டர் விரல். மூன்று வருடத்தில் படிப்படியாக முன்னேறி மணையில் போய் உட்கார்ந்தது.

அம்மாள் விரலை நம்பவில்லை. ஆளை அனுப்பி முனிராஜை வரவழைத்தார். பாதி கட்டிய மேடையின் கீழே நின்று விசாரணை.

"ஏம்ப்பா, நீ பண்ணினது கழலுமா, கழலாதா?"

பொய் சொன்னால் லெட்டர் கிடைக்கும் என்று முனிராஜுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அது டிராயிங் சம்பந்தப்பட்ட கேள்வி. "கழலாதுங்கம்மா."

"அதனாலதானே என் சுவர் போச்சு?"

"ஆமாங்கம்மா. அதுக்குத்தானுங்க அதைப் பண்ணினதே."

"சுவரை உடைக்கவா?"

"கழலாம இருக்கறதுக்குங்க."

கரியப்பன் பின்னால் நின்று, "வாயை மூடு முனிராசு, மூடி வரையறதுக்கே போயிருவே" என்று பல்லைக் கடித்தார். அம்மாள் உட்கார்ந்து கன்னடத்தில் நான்கு வரி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, "உங்க முதலாளிகிட்டக் குடு" என்றார்.

முனிராஜ் வழியில் பிரிக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து டிராயிங்கைத் திருத்தினார்: நாக்குகளுக்கு நடுவே ஒரு சின்னப் பிளவு. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுத் திருப்பினால் நாக்கு மடங்கும். கழுத்து சமர்த்தாக வெளியே வரும். தப்பு என்னுடையது, வெளியே வர வழி வைக்காமல் உள்ளே விட்டுவிட்டேன் என்று சொல்ல ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

காலையில் சுதர்ஷன் கடிதத்தைப் படித்தார். 'தங்கள் ஆள் செய்த சாமானைப் பிடுங்கப்போய் எங்கள் சுவர் பதினோரு இடத்தில் உடைந்தது. பாக்ஸ் பிளந்தது. அப்போதும் அந்தச் சனியன் கழலவில்லை. இப்படிப்பட்ட பொருளை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.'

முனிராஜ் ஒத்திகையைத் தொடங்குவதற்குள் சுதர்ஷன் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆய்த்து! டை வெட்டிடலாம்."

இரண்டு மாதத்தில் அட்டைப்பெட்டி வந்தது. மேலே சிவப்பு எழுத்தில், 'சுவர் உடைந்தது, பாக்ஸ் பிளந்தது, இது கழலவில்லை!' கீழே நாகலக்ஷ்மி அம்மாள் பெயரும் மண்டபத்தின் விலாசமும். அம்மாள் வழக்குப் போடுவார் என்று கரியப்பன் ஊரெல்லாம் சொன்னார். அம்மாள் போட்டது போன்தான்: விலாசத்தோடு டெலிபோன் நம்பரையும் சேர்க்க முடியுமா? அந்தப் பெட்டியைப் பார்த்தே மண்டபத்துக்கு முதல் நாலு கல்யாணம் வந்ததாகக் கேள்வி. அந்த மாப்பிள்ளைகள் அனைவரும் பத்து விரலோடு வீடு திரும்பினார்கள். பிறகு மண்டபப் பதிவேட்டில் விலாசம் வாங்கி, இருவரை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

முனிராஜ் சோப்பு டப்பாவிலிருந்து தப்பித்தார். பிளவு போட்ட டிராயிங்கை மட்டும் சுதர்ஷன் தொட மறுத்துவிட்டார். "கழலாதுன்னு பெட்டியிலே போட்டாச்சு. இப்போ கழலும்னா எவன் நம்புவான்?" அது முனிராஜின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. என்னிடம் எடுத்துக் காட்டினார். எனக்குப் புரியாவிட்டாலும் அழகாக இருந்தது.

மாதிரியைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முனிராஜ், சாமான் வாங்க வந்து வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த கரியப்பனைக் கூப்பிட்டார்.

"கேளுங்க, இவனைக் கேளுங்க. என்ற சாம்பிள் எங்கன்னு."

"எத்தனை தடவை சொல்றது? உன்கிட்ட ஒண்ணு வாங்கினேன். பையில ஒண்ணு மிஞ்சிச்சு, அதைக் கொண்டாந்து குடுத்தேன். ஒண்ணுக்கு ஒண்ணு."

"அது மெஷின்ல அடிச்சதுடா! நான் கேக்கறது கையில பண்ணினது."

இருநூறும் போக ஒன்று மிஞ்சிய மர்மம் இப்போது எனக்குப் புரிந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பாக்ஸில், கைக்கு வந்ததை அடிக்கும் உற்சாகத்தில், கரியப்பன் மாதிரியையும் அடித்துவிட்டார். 'மு' பூச்சுக்குள் இருக்கிறது. அதில் குழாய்கூட வரவில்லை.

"அந்தச் சுவத்துல கை வெச்சா அம்மா என்னைப் பொதைச்சிரும்" என்றார் கரியப்பன். "தரமாட்டேன்னா சொல்றேன்? மண்டபம் இடியட்டும், மொத வேலை அதுதான். அதுவரைக்கும் எங்க போயிரப்போவுது? கழலாதுன்னு சொன்னவன் நீதானே?"

முனிராஜ் வெர்னியரைப் பையிலிருந்து எடுத்து, திறந்து, மூடி, திரும்ப வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் குவெம்புநகரில் இறங்கி மண்டபத்தைப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை. வைகாசி முழுக்கப் புக்கிங் என்றார் வாட்ச்மேன்.