நடவுக் கூட்டத்துக்கு ஒரே துண்டு

ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று நூலக ஆண்டு மலர்க்காரர்கள் கேட்டு வந்தபோது, சாமிதுரை தன்னைப் பற்றித்தான் எழுதுவான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம். எழுதலாம். விஷயத்துக்கும் பஞ்சமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பசைவாளியோடு சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டித் திரிந்தவன், முப்பத்தெட்டு வயதில் வலங்கைமானில் அறுநூறு நாற்காலி போட்டு, அம்மா பெயரில் காத்தாயி தியேட்டர் கட்டினேன். எங்கள் தெருவில் அதுவரை யாரும் ஒரு மாட்டுக்கொட்டகைகூடச் சொந்தமாகக் கட்டியதில்லை. ஆனாலும் கயல்விழியைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னை எதிர்த்துப் பேசி ஜெயித்தவள் அவள் ஒருத்திதான்.

கயல்விழி எங்கள் தெரு ராஜாத்தியின் மகள். ராஜாத்தி நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு வயல் வயலாக நாற்று நடப் போவாள். புருஷன் இறந்த பிறகு அந்த நடவிலேதான் மகளைப் படிக்கவைத்தாள். அந்தப் பெண்ணோ ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள். வரப்பில் நடந்துகொண்டே பாடம் படிப்பாள். கும்பகோணத்தில் கல்லூரி சேர்ந்தபோது, என்ன படிப்பு என்று கேட்டேன்.

“புள்ளியியல், பெரியப்பா. எண்ணுற படிப்பு.”

“எண்ணுறதுக்கு ஒரு படிப்பா? கதவுல தலைய நீட்டிப் பாத்தே உள்ள எத்தன பேருன்னு சொல்லுவேன் நான்.”

“சொல்லுவீங்க. நிரூபிக்க மாட்டீங்க.”

படிப்பு முடிந்து சென்னைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த மாதிரி சினிமாவுக்குக் கூட்டம் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கோடாகவும் கலராகவும் வரைந்து, படத்தை வாங்கி ஊர் ஊராகத் தருகிற விநியோகஸ்தர்களுக்குக் காட்டுவது அந்தக் கம்பெனியின் தொழில். பக்கம் பக்கமாக எண் இருந்தால் எவனும் பார்க்க மாட்டான், கோடாக இழுத்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும் என்பாள். உண்மைதான், எனக்கே புரிந்தது.

சென்ற ஆடியில் அவள் பெயரிலேயே முதல் வேலை வந்தது. டெல்டா ஊர்களில் இருபத்தாறு வருஷமாகச் சினிமாக் கூட்டம் எப்படி மாறியிருக்கிறது என்று வரைய வேண்டும். பழைய எண்ணுக்கு எங்கே போவாள்? மற்ற ஊர்களில் கடைசிச் சில வருஷ எண்தான் கிடைத்தது, முழுசுக்கும் என்னிடம் வந்தாள். கவுண்ட்டர் புத்தகமெல்லாம் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி ஊறிப்போயிற்று. ஆனால் கேட்டில் கிழித்து வாங்கும் பாதிச் சீட்டுகளை வாரத்துக்கு ஒரு கம்பியாகக் கோத்து, படத்தின் பெயரையும் தேதியையும் அட்டையில் எழுதி, பின்னறை உத்தரத்தில் தொங்கவிடுவது என் வழக்கம். ஒருநாள் துண்டுக்கும் மறுநாள் துண்டுக்கும் நடுவே ஓர் அட்டை. ஆயிரத்து முந்நூறு கம்பிக்கு மேல் இருக்கும். தமிழ்நாட்டில் வேறு எந்தக் கொட்டகையிலும் இப்படி இல்லை, நான் விசாரித்துவிட்டேன்.

“இதுல தப்பு வராதா பெரியப்பா?”

“சாமிதுரை கம்பியிலயா? ஒரு துண்டு ஒரு தல. எழுதிக்க.”

அத்தனையையும் எண்ணினால் மாசக்கணக்கில் ஆகும். அவள் ஒரு தராசு கொண்டுவந்தாள். நூறு துண்டு என்ன எடை என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியையும் நிறுத்தாள். பதினோரு நாளில் முடித்துவிட்டாள். இந்த மூளை எங்கள் தெருவிலிருந்து போனது என்று டீக்கடையில் நான் சொல்லாத ஆள் இல்லை.

அறிக்கை செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போனது. மறுநாள் காலை லேப்டாப்பை மார்பில் அணைத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“பெரியப்பா, ஆவணியில பெரிய படம் ஒண்ணு வருதுல்ல. அது உங்களுக்குக் கெடைக்காது. நீங்க வெளியில கேட்டுத் தெரிஞ்சிக்க வேணாம்னு நானே சொல்ல வந்தேன்.”

“யார்றா அவன், எனக்குத் தராதவன்?”

அவள் திரையைத் திருப்பினாள். ஒரு சிவப்புக் கோடு. தையில் ஏறி, சித்திரையில் ஏறி, ஆவணி புரட்டாசியில் கிணற்றில் விழுந்ததுபோல் கிடந்தது. இருபத்தாறு வருஷமும் அப்படியே. அந்த இரண்டு மாதம் டெல்டாவின் சின்ன ஊர்களுக்குப் புதுப்படம் அனுப்பிப் பயனில்லை என்று கீழே எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை விநியோகஸ்தர் கூட்டத்தில் அதுதான் முடிவாகப் போகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “புரட்டாசியில என் கொட்டாய் காலியா? எவன் சொன்னான்?”

“உங்க கம்பிதான் சொல்லுது. அதுல தப்பு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

  சொல்லிவிட்டு அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். அந்தப் பள்ளம் அவளுக்கே உறுத்தியிருக்கிறது. ஆனால் எடை எடைதானே என்று அனுப்பிவிட்டாள்.

அந்நேரம் மகளைச் சாப்பிடக் கூப்பிட ராஜாத்தி வந்தாள். கோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

“ஏண்டி, புரட்டாசியில காலியா? நடவு முடிஞ்ச அன்னிக்கு நிலத்துக்காரங்க எங்கள மேட்னிக்கு அனுப்புவாங்க. எடம் இல்லாம செவுத்துல சாஞ்சிக்கிட்டுல்ல பாத்தோம். நீயும் எம் முந்தானையப் புடிச்சிக்கிட்டு வந்தவதானே?”

“அப்ப துண்டு எங்கம்மா?”

“எந்தத் துண்டு? இருவது சீட்டையும் கட்டா நான் கையில வெச்சிருப்பேன். வைத்தி மேல இருக்கறத ஒண்ணு கிழிச்சிட்டு, போங்கன்னுடுவான்.”

கேட்டில் நிற்கும் வைத்தியலிங்கத்தைக் கூப்பிட்டேன். இருபத்தாறு வருஷமாக என்னிடம் இருப்பவன். அவன் அசரவில்லை.

“ஆமா மொதலாளி. சேறு காலோட இருவது பொம்பளைங்க நிக்கறாங்க, படம் போட்டாச்சு. ஒண்ணொண்ணா கிழிச்சிட்டு நின்னா என்னையே கிழிச்சிடுவாங்க. கூட்டத்துக்கு ஒரு துண்டு. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்.”

என் கேட்டில் நடப்பது எனக்குத் தெரியாது என்று எழுதக் கை கூசுகிறது. என்ன செய்வது, நடந்தது அதுதான். நிறைந்த கொட்டகையை நான் உள்ளே நின்று பார்த்தேன். கம்பியை யார் எட்டிப் பார்த்தார்கள்? கயல்விழியோ முதல்முறையாக என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எடை போட்டதுதான் தப்பு. சீட்டுல நம்பர் இருக்கு பெரியப்பா. நான் நம்பரையே பாக்கல.”

அந்த நாளின் முதல் எண்ணும் கடைசி எண்ணும் தெரிந்தால் எத்தனை சீட்டு கொடுத்தோம் என்று தெரிந்துவிடும். நடுவில் விட்டுப்போன எண்ணெல்லாம் கிழிக்காமல் உள்ளே போன தலைகள். ஆவணி புரட்டாசிக் கம்பிகள் மட்டும் இருநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றிலும் ஏழு நாள். வெள்ளி காலைக்குள் ஆகிற வேலையா?

சென்னைக்குப் போன் போட்டாள். அவளுடைய மேலாளர் ஸ்பீக்கரில் பேசினார். “விநியோகஸ்தருக்கு அனுப்பியாச்சும்மா. மொத ரிப்போர்ட்டே தப்புன்னு நீயே சொன்னா, உன் வேலைய நிரந்தரம் பண்ண நான் யார்கிட்ட பேச முடியும்? பேசாம விடு. அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்.”

“அடுத்தது எப்ப சார்?”

“அடுத்த வருஷம்.”

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ராஜாத்தி சேலையை இழுத்துச் செருகினாள். “எத்தன பேர் வேணும்?”

வியாழக்கிழமை மேட்னியை நிறுத்தினேன். புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிறுத்தியதுண்டு, நானாக நிறுத்தியது அன்று ஒன்றுதான். காலை பத்து மணிக்கு நடவுக் கூட்டம் கொட்டகைக்குள் வந்தது. ராஜாத்தி கம்பிகளை வரிசையாகப் போட்டு, நாற்றுமுடி பிரித்துக் கொடுப்பதுபோல் ஆளுக்குப் பத்தாகப் பிரித்தாள். ஒருத்தி எண்ணைப் படிப்பாள், பக்கத்தில் இருப்பவள் எழுதுவாள்.

“முன்னூத்தி எட்டு, அடுத்தது முன்னூத்தி முப்பது. இது எங்க கூட்டமாத்தான் இருக்கும்.”

“ஒங்க கூட்டமா? இருவத்திரண்டு பேரு எப்ப இருந்தீங்க?”

“எம் மாமியாளையும் சேத்துக்கடி.”

கயல்விழி ஒவ்வொரு வரிசையாக ஓடினாள். சந்தேகமான கம்பியை மறுபடி படிக்கச் சொன்னாள். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பதினான்கு கம்பி படித்தேன். ஒன்றிலும் பிழையில்லை.

மாலை ஐந்து மணிக்குப் புதுக்கோடு திரையில் ஏறியது. பள்ளம் இருந்த இடத்தில் மேடு. முதல் வருஷப் புரட்டாசியில் வாரத்துக்கு நாலாயிரம் தலை! நான் தொடையைத் தட்டினேன். ஆனால் கோடு வலப்பக்கம் போகப்போக அந்த மேடு கரைந்தது. ஊருக்கு நடவு மெஷின் வந்த பிறகு சரசரவென்று இறங்கி, போன வருஷம் ஆயிரத்து நூறில் நின்றது. அந்த இருபது பெண்களும் அதைப் பார்த்தார்கள்.  அவர்கள் கூட்டமே இருபது சேர, பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் கூப்பிட்டுத்தான் அன்று வந்திருந்தது.

“கயலு, மெஷின் வந்த வருஷத்தோட கோட்ட நிறுத்திடு. அது வரைக்கும் காட்டினா போதும். படம் வந்துடும்.”

“முடியாது பெரியப்பா.”

“உனக்குக் கம்பி கொடுத்தவன் நான்.”

“அதனாலதான் முழுக் கம்பியும் காட்டறேன். பாதிய மறைச்சா, மொதல்ல போன பொய்க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதையாவது தெரியாம செஞ்சேன்.”

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விநியோகஸ்தர் கூட்டத்தில், என் ஆபீசிலிருந்தே லேப்டாப் வழியாகப் பேசினாள். நின்றுகொண்டுதான். முதலில் பழைய கோட்டைக் காட்டி, இது என் தவறு என்றாள். கேட்டில் நடப்பதை விசாரிக்காமல் எடைபோட்டேன் என்றாள். பிறகு புதுக்கோடு. திரையில் மேலாளர் தலை குனிந்துகொண்டார். விநியோகஸ்தர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“இப்பவும் கூட்டம் இருக்கு, ஆனா குறைஞ்சிட்டே வருது. அதான?”

“ஆமா சார். இன்னும் குறையும்.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். ஆவணிப் படத்தை இரண்டு வாரத்துக்குக் கேட்டிருந்தேன். ஒரு வாரம் கொடுத்தார்கள். அவளுக்கு நிரந்தரம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. மற்ற ஊர்களின் எண்களையும் முழுக்கச் சரிபார்த்துத் தர வேண்டும் என்று உத்தரவு. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், ஊர் ஊராகச் சுற்ற என் வண்டிச் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், சிரிக்கவில்லை.

ஆவணிப் படம் ஒரு வாரம் ஓடிப் போய்விட்டது. அவள் இப்போது நீடாமங்கலம், பாபநாசம் என்று சுற்றுகிறாள். லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கொட்டகைக்குப் போனாலும் முதலாளியிடம் போவதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, அங்கே இருக்கிற ஆளின் கையை மூன்று காட்சி பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் நோட்டைத் திறக்கிறாளாம்.