சாலி கழுவிய கல்

உபோன் நகரில் மெழுகுத்தேர் புறப்பட இன்னும் பதினெட்டே நாள். கோயில் கொட்டகையில் முப்பது பெண்கள் மெழுகுத் தகட்டிலிருந்து பூவேலையை வெட்டி எடுத்துத் தேரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பூவேலை அத்தனையும் பிறப்பது நாற்பத்திரண்டு கல் அச்சுகளில். திருவிழா முடிந்ததும் அவற்றைக் கழுவி, பிக்குகளின் பழைய சீவரத் துணியில் சுற்றி, உமிப் பெட்டியில் நிறுத்தி வைப்பது சாலியின் வேலை. ஓட்டல் விரிப்புகளை வெளுத்துப் பிழைப்பவள் அவள். கறை தெரிந்த கை என்று கோயில் தலைமைப் பிக்குவான பெரிய சாமி கூப்பிட்டு ஒப்படைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அன்று காலை தீக்கொழுந்து அச்சில் வார்த்த தகடு மழுங்கலாக வந்தது. மூன்று முறை வார்த்தும் அதே கதை. தலைமைக் கைவினைஞர் விதூன் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"தேஞ்சு போச்சு, சாலி. நாளைக்கு உளி வச்சு ஆழப்படுத்திடறேன்."

அதைச் செதுக்கியவர் விதூனின் குரு. செத்து நாற்பது வருஷமாகிறது. அந்த அச்சுக்கு மாற்று எங்கும் இல்லை. உளி ஒருமுறை இறங்கினால் குருவின் கோடு போனது போனதுதான். விதூனுக்கும் அது தெரியும், அதனால்தான் சொல்லும்போது யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

சாலி கல்லை மடியில் வாங்கிக்கொண்டாள். தேய்ந்தால் மேடுதானே முதலில் தேயும்? இங்கே மேடுகள் கூர்மையாக நின்றன, பள்ளங்கள்தான் ஆழமற்றுக் கிடந்தன. நகத்தால் சுரண்டினாள். கல்லின் நிறத்திலேயே ஒரு பொடி ஒட்டி வந்தது. இந்தப் பொடியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டு அலசு தொட்டியின் விளிம்பில் தினமும் படிவது.   பேசாமலே இருந்துவிட்டால் பழி தேய்மானத்தின் மேல் போய்விடும்.

"தேயலை வாத்தியாரே. இது சோப்பு. என் சோப்பு. கோயில் கிணத்து உப்புத் தண்ணியில சோப்பு திரிஞ்சு பள்ளத்துல படிஞ்சிருக்கு. நான் சரியா அலசலை."

பூ வெட்டிக்கொண்டிருந்த மாலைவான் கத்தியை நிறுத்தினாள். "ஊர் விரிப்பையெல்லாம் பளிச்சுனு ஆக்குற அக்கா, சாமி சொத்துக்கு மட்டும் தண்ணி காட்டினியா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். சாலி, நாளை மதியம் வரை உளியை எடுக்க வேண்டாம் என்று மட்டும் விதூனிடம் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

புளி கரைத்தாள். புளிப்பு சில கற்களைத் தின்றுவிடும். அதனால் முதலில் கல்லின் முதுகில், ஒரு மூலையில், ஒரு சொட்டு விட்டு வெகுநேரம் காத்திருந்தாள். கல் பொங்கவில்லை, நிறமும் மாறவில்லை. அதன் பிறகே முகத்தைத் திருப்பினாள். வெதுவெதுப்பான புளித்தண்ணீரில் துணியை நனைத்துப் போர்த்தி ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் நெருடினாள். இரும்பு கிட்டே வரக்கூடாது. திரிந்த பால் மாதிரி வெள்ளையாகக் கழன்றது. மழைத்தண்ணீரில் அலசி, மறுபடி ஊறவிட்டாள். மறுநாள் முற்பகல் வரை இதே வேலை.

விதூன் உருக்கிய மெழுகை ஊற்றினார். ஆறியதும் சாலிதான் தகட்டை மூலையைப் பிடித்து உரித்தாள்.

கொட்டகையில் கத்திகள் ஓய்ந்தன.

எல்லோரும் வருஷக்கணக்காக வெட்டி ஒட்டிய தீக்கொழுந்தின் வயிற்றில் இன்னொரு கொழுந்து இருந்தது. அதற்குள் ஒன்று, அதற்குள்ளும் ஒன்று. கடைசிக் கொழுந்து நெல்மணியைவிடச் சிறியது. மாலைவான் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். அந்தக் கடைசிக் கொழுந்தின் நுனி ஒரு பறவையின் தலையாக வளைந்திருந்தது. அலகு இருந்தது, கண்ணும் இருந்தது. கண்ணுக்கு இமைக்கோடு இருந்தது. மெழுகு வெளிச்சத்தில் மஞ்சளாகக் கனிந்து, பறவை இப்போதுதான் கண்விழித்த மாதிரி தெரிந்தது. எந்த ஊசியால் இதைக் கல்லில் இறக்கினார் மனிதர்? தேரில் ஒட்டி வீதியில் போனால் எவர் கண்ணுக்கும் தெரியாது என்று தெரிந்தேவா?

விதூன் தரையில் உட்கார்ந்துவிட்டார். குருவிடம் பதினொரு வருஷம் இருந்தவர் அவர்; சாலிக்கு முன்பு கழுவியவர்களின் சோப்பும் அடியில் படிந்திருந்ததால் அவரும் இதைப் பார்த்ததில்லை.

"எங்கிட்ட சொல்லவே இல்லை அந்த மனுஷன்" என்றார். பிறகு, "நான் இதுல உளி வைக்க இருந்தேன்."

மாலைவான் தகட்டை இறக்கி வைக்காமல் சாலியின் பக்கம் திரும்பினாள். குரலில் நேற்றைய கிண்டல் இல்லை. "அக்கா, பெட்டியில இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கே."

சாலி ஏற்கெனவே புளி எடுக்க எழுந்திருந்தாள்.