வெற்றிடப் பம்புக்கு நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

எழுபதுகளின் கடைசியில், கசார்வாடியில் பழைய பம்பாய் சாலையோரம் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். கேமரா லென்ஸ்களுக்குப் பூச்சு கொடுக்கும் இடம் அது. பூச்சுக் கலத்திலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி எடுக்க ஒரு பம்ப் வேண்டும். நல்ல பம்ப் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

ராஜஸ்தானில் நம் நாடு அணுகுண்டு சோதனை செய்த பிறகு அது லேசில் கிடைக்கவில்லை. அணு ஆயுதம் பரவக்கூடாதென்று நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. பம்ப் விற்கிற நாடு கையெழுத்திட்டிருந்தது. அந்தப் பம்ப் யுரேனிய வேலைக்கும் உதவுமாம். அதனால் எழுத்தில் உறுதி கேட்டார்கள்: அணு வேலைக்குப் பயன்படுத்த மாட்டோம், அனுமதியில்லாமல் இடம் மாற்ற மாட்டோம், கேட்டால் காட்டுவோம். டைப் அடித்தது நான். முதலாளியின் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாகவும் நானே கையெழுத்துப் போட்டேன்.

பம்ப் வந்து இரண்டு வருஷம் கழித்து, அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி அதைப் பார்க்க வந்தார். அன்றைக்கு முதலாளி நாசிக் போயிருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு பூச்சு அறைக்குள் நுழைந்தால், பம்ப் இருந்த இடத்தில் ஒரு பழைய உள்ளூர்ப் பம்ப் நின்றது.

ஃபோர்மேன் என்னை ஓரமாக இழுத்தார். "சாஹேபோட மச்சான் ஏரவாடாவுல ஃப்ளாஸ்க் பண்றாரு இல்ல, அவருக்குக் குடுத்திருக்கு மிஸ். ரெண்டு வாரத்துக்குத்தான். ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிடுங்க."

எந்த ரிப்பேர்க் கடை என்று அதிகாரி கேட்டால்? அதைவிட, அந்தக் காகிதத்தில் என் பெயர் இருந்தது. இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

அவருடைய டாக்ஸியிலேயே ஏரவாடாவுக்குப் போனோம். தகரக் கொட்டகைக்குள் ஏழெட்டுப் பெண்கள் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பம்ப் குடுவைகளின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பம்பின் எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப்பார்த்தார்.

"இங்கே யுரேனியம் இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் நீங்கள் எழுதிக்கொடுத்த இடமும் இது இல்லை."

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "டீ ஊத்தற ஃப்ளாஸ்க்கால எந்த ஊர் அழியப்போகுது? அந்த ஆளை அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லி உங்ககிட்ட யார் சொன்னது?"

"கீழே என் கையெழுத்தும் இருக்கு, சாஹேப்."

அதற்குப் பிறகு பத்து நாள் முதலாளி டைப் வேலையையெல்லாம் ஃபோர்மேன் வழியாகவே கொடுத்தனுப்பினார். கேம்ப் பகுதியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை காலியென்று கேள்விப்பட்டு மனுகூடப் போட்டேன்.

பம்ப் அந்த வாரமே திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதற்கான உதிரி பாகங்களை, விற்ற நாடு ஒரு வருஷம் நிறுத்திவைத்தது. நடுவில், காற்றுக் கசியாமல் தடுக்கும் அதன் சீல் போனது. பூச்சு வேலை பாதியாகக் குறைந்து, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் போகும்போது என்னிடம், "நீங்க பொய் சொல்லலன்னு தெரியும் மிஸ். ஆனா வேலை போனது எனக்கு," என்றார்.

அதிகாரி மறுபடி வந்து பார்த்துப் போன பிறகு உதிரி பாகங்கள் வந்தன. இருவரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒருவர் வந்தார். என்னிடம் பேசியவர் அதற்குள் கோந்த்வா பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார், வரவில்லை.