முப்பத்தொரு மணி நேர விமானி

வேனைச் சுற்றி ஒரு வலம். டயர்களைக் காலால் உதைப்பதில்லை. குனிந்து, நான்கையும் உள்ளங்கையால் தடவுகிறான். டீசல் மூடியைத் திருகிப் பார்க்கிறான். பிறகு வேப்பமரக் கிளையில் பழைய பாவாடைத் துணியைப் பைபோலத் தைத்துக் கட்டியிருக்கிறானே, அதை அண்ணாந்து பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்கிறான். ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுவதற்குக் காற்றின் திசை எதற்கு என்று இதுவரை எவருக்கும் விளங்கவில்லை.

"ஏ கொளுந்தனாரே, காத்து சரியா இருக்கா? இல்ல, நாங்க நடந்தே போயிரவா?" என்கிறாள், தூக்குவாளியோடு ஏறும் சுப்புத்தாய்.

"மேக்காத்து மதினி. போலாம். எல்லாரும் உக்காந்துட்டீகளா?"

புகழேந்திக்கு இருபத்தாறு வயது. 2006-இல் ஏதோ ஓர் உதவித்தொகையில் இடம் கிடைத்து, வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போனவன். வானத்தில் இருந்தது மொத்தம் முப்பத்தொரு மணி நாற்பது நிமிடம். அந்தக் கணக்கு எழுதிய கறுப்பு அட்டை நோட்டு இன்னும் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மதுரையில் இறங்கப்போகும் விமானம் தலைக்கு மேலே போனால் வேனின் வேகம் தானாகக் குறையும்.

"மேல இருந்து பாத்தா ஆளு தெரிய மாட்டாக மதினி. அவுக நெழலுதான் தெரியும். காலையில ஆளவிட நெழலு நீளமா, அம்புட்டு அளகா இருக்கும்."

"எங்க நெழல மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா ரோட்ட யாருலே பாப்பா?"

அவன் தனியாக விமானம் ஓட்டிய மூன்றாவது நாளில் அது நடந்தது. இரண்டே இருக்கை உள்ள சின்ன விமானம். தரையைத் தொட்டதும் தவளைபோல இரண்டு முறை எழும்பி உட்கார்ந்தது. அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. மாணவர்கள் இறக்குவது அப்படித்தான். உருண்டு வேகம் தணிந்துகொண்டிருந்த நேரத்தில் டயர் வெடித்தது.

இங்கே அவன் தாய் மாடத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடமாகப் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறையில் வேலை. மகன் நடக்கப் பழகிய நாளிலேயே அவனுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள்: "வெடிச்சத்தம் கேட்டா கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடு. திரும்பிப் பாக்காத."

புகழேந்தி நல்ல பிள்ளை. கையில் இருந்ததைப் போட்டான். கையில் இருந்தது விமானம்.

பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, குதித்து, முழங்கை சிராய்த்ததையும் பாராமல் புல்வெளியில் நூறடி ஓடினான். விமானம் ஆளில்லாமல் சொந்தப் பொறுப்பில் கொஞ்ச தூரம் போய், வேலிக்கம்பியில் மூக்கை மடக்கிக்கொண்டது.

ஏன் குதித்தாய் என்று விசாரித்தார்கள். "சத்தம் கேட்டுச்சு சார்" என்றான். படிவத்தில் இந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மூன்று அதிகாரிகள் கூடி ஆலோசித்துவிட்டு, அவனை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஊரில் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஓடியது சரிதான் என்பதே பொதுக்கருத்து. ஆனால் கம்பெனி வேன் சாவியைக் கொடுத்தபோது போர்மேன் அய்யாதுரை ஒன்று கேட்டார்: "பின்னால இருபத்திரண்டு பொம்பளைக இருப்பாக. ஒங்காத்தாளும் இருப்பா. டயர் வெடிச்சா என்னலே செய்வே?"

அன்றிலிருந்து தினமும் மதியம், சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கும் பொட்டலுக்கு அருகே வேனை நிறுத்தி, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். வெடிக்கும். இரண்டு கையும் அந்தரத்தில் நிற்கும். மறுபடி பிடிப்பான். மறுபடி வெடிக்கும். சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து சுப்புத்தாய் முடிவை அறிவிப்பாள்: "இன்னைக்கு எட்டு வெடி, எட்டுக்கும் கைய விட்டுட்டான். ஒண்ணுகூட தப்பல." இப்படியே இரண்டு சீசன் போயிற்று.

போன புரட்டாசியில், வேலை முடிந்து திரும்பும்போது, கண்மாய்க் கரை வளைவில் முன்டயர் வெடித்தது. ஒரு பக்கம் தண்ணீர். வேன் இரண்டு முறை அலைந்து, கருவேல முள்ளில் உரசி, கரையிலேயே நின்றது. புழுதி அடங்குவதற்குள் இருபத்திரண்டு பெண்களும் தூக்குவாளிகளைப் போட்டுவிட்டுக் குதித்து, பருத்திக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். தூரத்தில் நின்று தலைகளை எண்ணினார்கள்.

"பைலட்ட எங்கன காணும்?" என்றாள் சுப்புத்தாய்.

சத்தம் கேட்ட பக்கம் ஒருநாளும் திரும்பாத மாடத்தி வேனை நோக்கி நடந்தாள். புகழேந்தி சீட்டிலேயே இருந்தான். கண்கள் ரோட்டில். கைகள் ஸ்டீரிங்கில்.

"ஏலே, நின்னுருச்சுலே. விடுலே."

அவன் விடவில்லை. மாடத்தி அவனுடைய வலது கைச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். பிறகு இடது கைக்குப் போனாள். அதன் கட்டைவிரலுக்கு வந்தபோது, வலது கை மறுபடி ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தது.