விளக்குக்குள் ஒரு பாத்தி

"நோட்டு எழுதுற கை ஸ்பேனர் புடிச்சா ரெண்டு வேலையும் கெட்டுப்பூடும், பாப்பா."

கோதண்டம் அண்ணன் இதைச் சொன்னபோது நான் டிப்ளமோ முடித்து நான்கு மாதம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அது போதாதென்று ஆட்டோமொபைல் வேறு. மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரமிருந்த அவருடைய ஒர்க்‌ஷாப்பில், வரும் வண்டியின் நம்பரையும் குறையையும் நோட்டில் எழுதுவதுதான் எனக்குக் கிடைத்த வேலை. இப்போது சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டர் கவுண்டரில் அதையே கம்ப்யூட்டரில் செய்கிறேன். போன வாரம் வந்த ஒரு காரின் ஹெட்லைட்டுக்குள் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. 'லைட் மாற்ற வேண்டும்' என்று தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

2005 மழையில் கூனிமேட்டு ரஹீம் பாயின் வெள்ளை டாக்ஸிக்கும் இதே வியாதி. நீர் வெளியிலிருந்துதான் வருகிறது என்பது அண்ணனின் கட்சி. உள்ளே துடைத்துவிட்டு, கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் சிலிக்கான் பசையால் அடைப்பார். மூன்றே நாளில் கண்ணாடி மறுபடி மங்கிவிடும்.

அண்ணன் சாமான் வாங்கப் புதுச்சேரி போயிருந்த ஒருநாள் பாய் அவசரமாக வந்தார். மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்புப் பானை கசிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரத்தை உப்பு இழுக்கும் என்று பாடத்திலும் படித்திருந்தேன். வீடும் புத்தகமும் ஒன்றையே சொன்னால் ஒரு பெண்ணுக்குத் திமிர் வராமல் என்ன செய்யும்? கைப்பிடி கல்லுப்பைத் துணியில் முடிந்து, விளக்கின் பின்பக்க ரப்பர் மூடியைத் திறந்து உள்ளே வைத்தேன். மறுநாள் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடப் பெருமை பேசினேன்.

ஒரு வாரம் கழித்து பாய் நேராக அண்ணன் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"என்னாப்பா கோதண்டம், லைட்டுக்குள்ள பாத்தி கட்டி உப்பு வார்றியா?"

ஈரத்தைக் குடிக்கிற அளவு குடித்த உப்பு, கரைந்து வழிந்து, பல்பின் சூட்டில் காய்ந்து, விளக்கின் உள்பக்க வெள்ளிப் பூச்சின் மேல் பொருக்காகப் படிந்திருந்தது. பூச்சு உரிந்து கறுத்துவிட்டது. எல்லாம் கடல் காத்து, பாய், நாம என்ன செய்யறது என்று அண்ணன் சமாளித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை நிலைக்கும். சொன்னால், பொண்ணை எதுக்கு மெக்கானிக்குப் படிக்க வெச்சே என்று உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாவைக் கேட்டவர்கள் ஜெயித்துவிடுவார்கள்.

"உப்ப நான்தாண்ணா வெச்சேன்."

அண்ணன் குனிந்து விளக்கை இன்னொரு முறை பார்த்தார். "உப்பு பட்டா இரும்பு வீணாப்பூடும்னு நம்மூர்ல ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். நீ டிப்ளமோ வேற." பாய் சிரித்தார். திட்டியதைவிட அதுதான் சுட்டது.

நானே கழற்றிச் சுத்தம் செய்கிறேன் என்றேன். செய், அப்புறம் நோட்டோடு சரி என்றார். கழற்றிப் பார்த்தால், விளக்கின் முதுகில் சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர்க் குழாய். அதன் வாய் நிறையப் பசை. பல்பு சூடானால் உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியேறுவதற்கென்று கம்பெனிக்காரன் விட்ட வழி அது. வெயில் மட்டும் போதாது, காற்று நின்றால் பாத்தி காயாது என்று தினமும் அம்மா அலுத்துக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இது எப்படி முன்பே தோன்றவில்லை?

"அண்ணா, நான் உப்பு வெச்சது தப்பு. நீங்க இத அடைச்சதும் தப்பு."

என்னை முறைத்துவிட்டு, குழாயை வாங்கி ஊதிப் பார்த்தார். பிறகு அவரே பசையைச் சுரண்டினார். பழைய வண்டி ஒன்றிலிருந்து வேறு விளக்கை எடுத்து, இரண்டு பக்க விளக்கிலும் வழியைத் திறந்துவிட்டு மாட்டினேன். அடுத்த மழையில் பாய் வண்டி வந்தது. கண்ணாடி லேசாக மங்கியிருந்தது. லைட்டைப் போட்டுவிட்டு நின்றோம். பத்து நிமிடத்தில் தெளிந்தது.

"இனிமே ஹெட்லைட்டு வந்தா நீயே பாத்துக்கோ," என்றார் அண்ணன், என் பக்கம் திரும்பாமல்.

அந்த ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது அகலப்படுத்திய சாலை ஓடுகிறது. கிளிப்பைத் தள்ளினால் கண்ணாடி கையோடு வரும் விளக்குகளும் போய்விட்டன; இப்போது வருபவை ஒட்டியே வருகின்றன. யாரும் திறப்பதில்லை, மாற்றுகிறார்கள். நானும் அப்படியே தட்டிக்கொண்டிருந்தேன்.

கவுண்டரிலிருந்து என்னை ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றுங்கள் என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். பெண்கள் அளவில் அங்கே சீருடை இல்லை என்றார் மேனேஜர். ஆண்கள் சட்டையில் சின்னதைக் கேட்டு வாங்கி, கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.