திங்கா அக்கா எழுதிக் கொடுத்த பதினோரு பெயர்கள்

எங்கள் ஊர் தேவாலயத்தின் தரையை இருபத்திரண்டு வருடமாகத் துடைப்பவர் திங்கா அக்கா. அதற்கு முன்னால் அரசுப் பண்ணையில் பீட்ரூட் பிடுங்கினார். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மகன்கள் இருவரும் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனார்கள். ஈஸ்டருக்குப் போன் வரும். நாற்பது வயதில், சின்ன மகனின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு கேபிடல் என்கிற பெரிய எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டார். சின்ன எழுத்துகள் கண்ணுக்குப் பிடித்த கேடு என்பார். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான். எதிர்வீட்டில் கடை வைத்திருப்பவன் நான், இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

நாங்கள் ருமேனியாவின் ரோமா சனம், மற்றவர்கள் ஜிப்சி என்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேரின் முன்னோர்கள், இந்தத் தேவாலயத்தைக் கட்டிய பண்ணையாரின் அடிமைகள். 1856 பிப்ரவரி இருபதில்தான் ருமேனிய மண்ணின் கடைசி அடிமைகளுக்கும் விடுதலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அந்த நாளை அரசு நினைவு நாளாக ஏற்றுச் சட்டம் போட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

முதல் வருட விழாவுக்கு மேயர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். திங்கா அக்கா மலர்வளையம் வைக்க வேண்டும், அதற்கு ரோமாப் பெண் என்று தெரிகிற மாதிரி பூப்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்றாள்.

"எங்கம்மா காலமெல்லாம் கறுப்பு ஸ்வெட்டர்தான் போட்டா. பூப்போட்ட பாவாடைய மேயருக்குக் கட்டிவிடு. அவருக்குத்தான் இடுப்பு அகலம்."

வந்தவள் சிரிக்கவும் முடியாமல், முறைக்கவும் முடியாமல் போனாள்.

அக்காவுக்கு மலர்வளையமும் வேண்டாம், மேடையும் வேண்டாம். அவர் கேட்டது ஒன்றுதான். தேவாலயச் சுவரில் பண்ணையாரின் படம் வரைந்திருக்கிறது, கையில் இந்தத் தேவாலயத்தைப் பொம்மை போலத் தூக்கிக்கொண்டு நிற்பார். கட்டியவர் என்பதால் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் அவர் பெயரை வாசிப்பார்கள். அதற்குக் கல் சுமந்த அடிமைகளின் பெயர் ஒருநாள்கூட வாசிக்கப்பட்டதில்லை. விழா நாள் காலைப் பூசையில் அதை வாசிக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இளம் பாதிரியார் இலரியோனிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"வாசிக்க மாட்டேன்னு சொல்லல அம்மா," என்றார் பாதிரியார். "பேரு வேணும்ல? பொதுவா 'இந்த ஊரு அடிமைகள்'னு சொல்லிடட்டுமா?"

"மொத்தமா சொல்லித்தான் சாமி வித்தாங்க. நீங்களும் மொத்தமாத்தான் சொல்லுவீங்களா?"

பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார். "பேரக் கொண்டு வாங்க. ஒண்ணு விடாம வாசிக்கிறேன்."

பெயருக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் யாருக்கும் தாத்தாவுக்கு அப்பால் பெயர் தெரியாது. இது ஆகிற காரியமில்லை என்று நான் சொல்லியும் விட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள், மேயர் அலுவலகக் கூடத்தில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய தாளை வைத்தார்கள். பண்ணையார் தன் மகளுக்குக் கொடுத்த சீர் வரிசைப் பட்டியல். எங்கள் பள்ளி ஆசிரியர் அதை இன்றைய எழுத்தில், அக்காவுக்காகவே பெரிய எழுத்தில், பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வெள்ளிக் கரண்டி பன்னிரண்டு. எருது ஆறு. அதற்குக் கீழே ஸ்தான், அவன் மனைவி வோய்க்கா, அவர்கள் பிள்ளைகள் என்று வரிசையாகப் பதினோரு பேர். கடைசியில் தோப்ரா, பால்குடிக் குழந்தை. அதற்குக் கீழே செப்புப் பானைகள்.

அக்கா என் கடைக்கு வந்து பூசைச் சீட்டு கேட்டார். பூசையில் வாசிக்க வேண்டிய பெயர்களை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. நலமோடு வாழ வேண்டும் என்று உயிரோடு இருப்பவர்களுக்காகக் கொடுப்பதில் சிவப்புச் சிலுவை, இறந்தவர்களுக்கானதில் கறுப்பு. மூக்குக் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு இழுப்பறையில் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய் ஆசிரியர் எழுதியதைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, ஒரு மணி நேரம் எழுதினார்.

மறுநாள் தேவாலயம் நிறைந்திருந்தது. எங்கள் தெருவே வந்திருந்தது. மேயர் முன்வரிசையில் நின்றார். உயிரோடு இருப்பவர்களின் நலத்துக்காகச் சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்த பாதிரியார், அதே குரலில், "ஸ்தான், வோய்க்கா, நேகு..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் புரிந்தது, நான் எடுத்துக் கொடுத்தது சிவப்புச் சீட்டு. செத்து நூற்றைம்பது வருடம் ஆனவர்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டிக்கொண்டிருக்கிறார். மேயர் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா ஏங்கிக் காத்திருந்த ஒரே நாளை என் சோம்பல் கெடுத்துவிட்டது.

தோப்ரா வரைக்கும் வாசித்த பிறகுதான் பாதிரியாருக்கு உறைத்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா. இது உசுரோட இருக்கறவங்க சீட்டு. இத விட்டுட்டு, இறந்தவங்க வரிசையில சரியா வாசிச்சிடறேன்."

பின்வரிசையிலிருந்து திங்கா அக்கா நடந்து முன்னால் வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் துடைப்பம் இல்லாமல் அவர் அவ்வளவு தூரம் முன்னால் வந்தது அன்றுதான்.

"அங்கயும் வாசிங்க சாமி. ஆனா இதத் தப்புன்னு சொல்லாதீங்க. அவங்க உசுரோட இருந்தப்ப, நல்லா இருக்கணும்னு இந்தக் கோயில்ல யாரும் ஒரு வார்த்தை வேண்டிக்கல."

யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. பாதிரியார் சீட்டை மறுபடி நேராகப் பிடித்தார். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பி, அந்தப் பதினோரு பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று, முதல் பெயரிலிருந்து நிறுத்தி நிறுத்தி மறுபடியும் வாசித்தார்.