அஞ்சுவுக்கு இருந்த ஒரே வார்த்தை

ஆனந்தி பார்க்கும் வேலையைச் சொன்னால் கேரளத்தில், எங்கள் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் பாதிப் பேர் இன்னும் சிரிப்பார்கள். "ஒத்தப் பிள்ளையப் பாத்துக்கிட ஒரு ஆளா?" தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! அந்தப் பிள்ளையோடு அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

பிள்ளையின் பெயர் அஞ்சு. ஏழு வயது, பேச்சு வராது. யாராவது நெருங்கினால் கடித்துவிடுவாள். ஆனந்தி காலையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பல் தேய்க்கப் பழக்கி, பள்ளிக்குக் கூட்டி வந்து, மாலை வரை வகுப்பில் பக்கத்திலேயே இருப்பாள். நான் அதே பள்ளியில் சோறு ஆக்குகிறவள். ஆனந்தியின் கையில் விழுந்த பல் தடங்களுக்கு மஞ்சள் வைத்துவிட்டது நான்தான்.

"இனி ஒரு பிள்ளையைக் கடித்தால் இவள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கடிப்பதற்குப் பதிலாகச் சொல்ல ஆனந்தி ஒரு வார்த்தை பழக்கினாள். 'தள்ளு.' விலகி நில் என்று அர்த்தம். நான் கரண்டியோடு கிட்டே போவேன். அஞ்சு பல்லைக் காட்டுவாள். ஆனந்தி "தள்ளு" என்பாள், நான் பின்னால் நகர்வேன். ஐந்து மாதம், கல்லில் நார் உரித்த கதைதான். ஒரு நாள் அஞ்சு சொன்னாள்: "தல்லு." ள வரவில்லை. வராவிட்டால் என்ன? ஆனந்தி அழுதாள், நானும் அழுதேன். அதற்குப் பிறகு அஞ்சு யாரையும் கடிக்கவில்லை. அவள் சொன்னதும் பக்கத்தில் இருக்கும் ஆனந்தி பிள்ளைகளை விலக்கிவிடுவாள்.

போன மாதம் ஆனந்திக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து பார்த்தால் அஞ்சுவின் முதுகெல்லாம் கன்றிப்போயிருந்தது. நேரே வகுப்பாசிரியை ஜின்சி டீச்சரிடம் போனாள். நானும் கூடப் போனேன், என் வாய் சும்மா இருக்காதென்று தெரிந்தும்.

"பிள்ளேர் தல்லியது தெற்று தன்னெ. பக்ஷே, இவளல்லே தல்லு தல்லுன்னு பறஞ்ஞது?" என்றார் டீச்சர்.

மலையாளத்தில் தல்லு என்றால் அடி. பிள்ளைகள் அடித்தது தப்புதான், ஆனால் அடி அடி என்று கேட்டது அஞ்சுதானே என்கிறார். அவர்கள் நெருங்க நெருங்க அவள் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல, விளையாட்டென்று நினைத்து அவர்கள் சிரித்துக்கொண்டே அடித்திருக்கிறார்கள். அப்போதும் அவள் கடிக்கவில்லை.

ஆனந்தியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"நானும் இந்த ஊருலதானக்கா பெறந்தேன்? எனக்கு ஏன் தோணாமப் போச்சு?" என்று ஆனந்தி அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அடி போடி! எனக்குந்தான் தோணல. வேற வார்த்த சொல்லிக் குடு" என்று அதட்டினேன்.

மலையாளத்தில் விலகு என்பதற்கு 'மாறு'; அப்படிச் சொன்னால் மலையாளப் பிள்ளைகளும் விலகுவார்கள். மறுநாள் காலையில் ஆனந்தி எப்போதும்போல அஞ்சுவின் முன்னால் குனிந்து, நெருங்கிப் போய், "மாறு... சொல்லும்மா, மாறு" என்றாள்.

அஞ்சு வாயைத் திறக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆனந்தியிடம் அடி வாங்க முதுகைத் திருப்பி நின்றாள்.